டப்!

வீட்டில் திடீரென்று 'டப்' என்று ஒரு சத்தம். ஃபேன் சலிப்போடு நாலு சுற்றுச் சுற்றி நிற்கிறது. ஃப்ரிஜ் ஒருமுறை உடம்பைக் குலுக்கிக்கொண்டு மௌனமாகிறது. டி.வி.யில் மாமியார் மருமகளைப் பார்த்துச் சொல்ல வந்த முக்கியமான வார்த்தை அந்தரத்தில் நிற்கிறது.

அடுத்த ஒரு நிமிஷத்தில் நடப்பது எல்லா வீட்டிலும் ஒன்றுதான். யாராவது ஒருவர் பால்கனிக்கு ஓடி எதிர்வீட்டைப் பார்ப்பார். அங்கேயும் இருட்டு என்றால் முகத்தில் ஒரு நிம்மதி. 'ஊருக்கே இல்லை' என்பதில் கிடைக்கிற சந்தோஷம், கரண்ட் இருக்கும்போதுகூடக் கிடைப்பதில்லை. எதிர்வீட்டில் விளக்கு எரிந்தால் போச்சு, உடனே விசாரணைக் கமிஷன். "இப்ப யாரு எந்த ஸ்விட்சைப் போட்டது?" யாருமே போட்டிருக்க மாட்டார்கள்.

பிறகு குடும்பத் தலைவர் ஸ்டூல் போட்டு ஏறுவார். கதவுக்கு மேலே உள்ள டப்பாவைத் திறந்து, விழுந்து கிடக்கும் ஸ்விட்சை நிமிர்த்துவார். 'டப்.' மறுபடி நிமிர்த்துவார். 'டப்.' மூன்றாம் முறை ஏதோ மனசு வைத்து அது நின்றுவிட்டால், தானே ரிப்பேர் செய்த தோரணையில் கையைத் தட்டிக்கொண்டு இறங்குவார்.

"ஒண்ணுமில்லே... லூஸ் கான்டாக்ட்!"

டாக்டருக்குக் காரணம் பிடிபடாத ஜுரமெல்லாம் 'வைரல் ஃபீவர்' ஆவது போல, நமக்குக் காரணம் பிடிபடாத மின்சாரக் கோளாறெல்லாம் லூஸ் கான்டாக்ட். மறுநாள் அதே நேரத்துக்கு அந்த லூஸ் கான்டாக்ட் மறுபடி 'டப்' என்னும். நாலு நாள் இப்படிப் போனால் வீட்டில் எல்லோருக்கும் அந்த ஸ்விட்சின் மேல் கோபம் வந்துவிடும். "இந்தச் சனியனைத் தூக்கிப் போட்டுட்டு வேற மாத்துங்க!"

இந்த வாரம் அந்தச் சனியனுக்காகத்தான் வக்காலத்து.

*

தாத்தா காலத்து வீடுகளில் பீங்கான் ஃப்யூஸ் கட்டை இருந்தது. கரண்ட் அதிகமானால் அதிலுள்ள மெல்லிய கம்பி உருகிப் போகும். மெழுகுவர்த்தியை ஏற்றி வைத்துக்கொண்டு புதுக் கம்பி சுற்ற வேண்டும். கம்பி கைவசம் இல்லாதபோது பழைய ஒயரிலிருந்து நாலு செம்பு இழையை உருவி முறுக்கிப் போடுகிற நிபுணர்கள் தெருவுக்கு ஒருவர் இருந்தார்கள். சிகரெட் பாக்கெட்டின் வெள்ளித்தாளைச் சுருட்டி வைத்தவர்களும் உண்டு. "இனிமே ஃப்யூஸ் போகவே போகாது" என்பார்கள். உண்மைதான். ஃப்யூஸ் போகாது. ஒயர் போகும், சமயத்தில் வீடும் போகும்.

இப்போது கட்டைக்குப் பதில் பிளாஸ்டிக் டப்பாவுக்குள் வரிசையாகக் குட்டி ஸ்விட்சுகள். எல்லாவற்றையும் நாம் 'ட்ரிப்பர்' என்று ஒரே பெயரில் கூப்பிடுகிறோம். அங்கேதான் குழப்பம் ஆரம்பம். உள்ளே இருப்பது அண்ணன் தம்பி இரண்டு பேர். தொழில் வேறு, குணம் வேறு.

ஒல்லியாக, வரிசை கட்டி நிற்பவர் தம்பி. எம்.சி.பி. என்று பெயர். ஜெர்மனியில் ஹூகோ ஸ்டோட்ஸ் என்பவர் 1924-ல் காப்புரிமை வாங்கிய சமாசாரம். கரண்ட் அளவுக்கு மிஞ்சினால் விழுவது இவர் தொழில். உள்ளே இரண்டு உலோகங்களை ஒட்டிய ஒரு பட்டை. அளவு மீறினால் அது சூடாகி வளைந்து ஸ்விட்சைத் தட்டிவிடும். கூடவே ஒரு காந்தச் சுருள். இரண்டு ஒயர் ஒன்றோடொன்று உரசி ஷார்ட் ஆகிவிட்டால், பட்டை சூடாகிறவரை காத்திருக்காமல் அது அந்த நொடியே இழுத்துத் தள்ளிவிடும்.

அண்ணன் கொஞ்சம் அகலம். மேலே 'டி' என்ற இங்கிலீஷ் எழுத்தோடு ஒரு சின்ன பட்டன் இருக்கும். அதுதான் அடையாளம். புத்தகத்தில் இவர் பெயர் ஆர்.சி.சி.பி. என்றாலும் எலக்ட்ரீஷியன்கள் வாயில் பழக்கதோஷத்தில் இன்னும் ஈ.எல்.சி.பி.தான். (இரண்டு பேர் வேலையையும் ஒருவரே பார்க்கிற ரகமும் வந்திருக்கிறது. அதை இப்போது விட்டுவிடுவோம்.)

அண்ணன் செய்கிற வேலை கல்யாண மண்டபத்து ஸ்டோர் ரூமில் உட்கார்ந்திருக்கும் மாமாவின் வேலை. நூறு டம்ளர் வெளியே போனால் நூறு டம்ளர் திரும்பி வர வேண்டும். பந்தியில் யார் என்ன சாப்பிட்டார்கள், பாயசம் நன்றாக இருந்ததா, அதெல்லாம் அவருக்கு அநாவசியம். கணக்கு டாலி ஆக வேண்டும், அவ்வளவுதான். மின்சாரமும் அப்படித்தான். ஃபேஸ் ஒயர் வழியாகப் போன கரண்ட் அத்தனையும் நியூட்ரல் ஒயர் வழியாகத் திரும்பி வர வேண்டும். குறைகிறதென்றால், வழியில் எங்கேயோ ஒழுகி வேறு பாதையில் பூமிக்குப் போகிறது என்று அர்த்தம். அந்த வேறு பாதை எர்த் ஒயராக இருக்கலாம். ஈரச் சுவராக இருக்கலாம். உங்கள் வீட்டுக் குழந்தையாகவும் இருக்கலாம்.

மாமா யோசிக்க மாட்டார். கதவைச் சாத்திவிடுவார். டப்!

எவ்வளவு குறைந்தால் சாத்துவார்? வீடுகளில் வைக்கிறவருக்கு 30 மில்லி ஆம்பியர். இது எவ்வளவு சின்ன அளவு தெரியுமா? படுக்கையறையில் பழைய காலத்து ஜீரோ வாட்ஸ் பல்பு எரியுமே, அது பெயரில்தான் ஜீரோ, நிஜத்தில் 15 வாட்ஸ் அளவுக்கு இழுக்கும். அதாவது சுமார் 65 மில்லி ஆம்பியர். அந்த அரை வெளிச்ச பல்பு குடிக்கிறதில் பாதிகூட இல்லாத கரண்ட் காணாமல் போனாலே மாமாவுக்கு மூக்கில் வியர்த்துவிடும்.

'இத்தனை கறார் எதற்கு?' என்று கேட்கலாம். கலிஃபோர்னியாவில் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் சார்லஸ் டால்ஸீல் என்று ஒரு புரொபஸர் இருந்தார். தாமாக முன்வந்தவர்கள் கையில் ஒயரைக் கொடுத்து, கரண்டைக் கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றி, 'இப்போது கையை விட முடிகிறதா?' என்று கேட்டுக் கேட்டுக் குறித்துக்கொண்டார். ஆண்களுக்குச் சராசரி 16 மில்லி ஆம்பியர், பெண்களுக்குப் பத்தரை. அதைத் தாண்டினால் விட வேண்டும் என்று மூளை கதறினாலும் கை விடாது. 'கரண்ட் பிடிச்சுக்கிச்சு' என்கிறோமே, கரண்ட் பிடிப்பதில்லை. நம் கைத்தசை இறுகி, நாம்தான் அதைப் பிடித்துக்கொள்கிறோம்.

அப்படிப் பிடித்துக்கொண்டிருக்கிற விநாடிகளில்தான் இதயத்தின் தாளம் கெடுகிறது. நம் அண்ணன், 30 மில்லி ஆம்பியர் ஒழுகினால், நொடியில் மூன்றில் ஒரு பங்குக்குள் கரண்டை வெட்டியாக வேண்டும் என்பது விதி. ஷாக் அடிக்கும், அலறுவீர்கள், ஆனால் அலற இருப்பீர்கள். டால்ஸீல் அத்தோடு விடாமல் 1961-ல் தாமே இப்படி ஒரு கருவியைச் செய்தார். அமெரிக்காவில் பாத்ரூம், சமையலறை ப்ளக் பாயிண்டிலேயே அதைப் பொருத்துகிறார்கள். அங்கே 5 மில்லி ஆம்பியருக்கே விழுந்துவிடும். நம் மாமாவைவிடக் கருமி!

நம் நாட்டில் மின்சாரம் தாக்கி இறந்தவர்கள், தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் 2021-ஆம் ஆண்டுக் கணக்குப்படி, அந்த ஒரே வருஷத்தில் 12,000 பேருக்கு மேல். இதைப் படித்த பிறகு, டப்பாவில் விழுந்து கிடக்கிற ஸ்விட்சைச் 'சனியன்' என்று சொல்ல எனக்கு நா எழவில்லை.

*

எங்கள் குடியிருப்பில் இரண்டாவது மாடியில் ஒரு ரிட்டயர்டு பேங்க் மானேஜர். மகள் தலைப்பிரசவத்துக்கு வந்திருந்தாள். குழந்தை பிறந்து இருபது நாள். வீட்டில் தினம் வெந்நீர் ராஜ்யம். இந்தச் சமயம் பார்த்து பாத்ரூம் கீஸர் மக்கர் பண்ணியது. போட்ட ஐந்தாவது நிமிஷம் 'டப்'. மொத்த வீடும் இருட்டு.

முதலில் வந்த எலக்ட்ரீஷியன் டப்பாவை ஒரு தட்டுத் தட்டிப் பார்த்தார். "ஈ.எல்.சி.பி. வீக் ஆயிடுச்சு சார். மாத்திடலாம்." மாற்றினார். பில் கொடுத்தார். அவர் தெருமுனை திரும்புவதற்குள் புது ஈ.எல்.சி.பி.யும் 'டப்'.

இரண்டாவதாக வந்தவர் இளைஞர். காதில் பென்சில், வாயில் ஸ்க்ரூ.

"டைரக்ட் குடுத்துடறேன் சார். இந்த ஏரியாவுல பாதி வீட்டுல அப்படித்தான் ஓடுது."

மானேஜர் யோசித்தார். அவர் மனைவி சமையலறையிலிருந்து எட்டிப் பார்த்தார்.

"டைரக்ட்டுன்னா என்னப்பா?"

"ஈ.எல்.சி.பி.யைத் தாண்டி லைனைக் குடுத்துடுவேன் மாமி. அப்புறம் அது விழவே விழாது."

"அது விழலேன்னா, அப்புறம் எது விழும்?"

தம்பியிடம் பதில் இல்லை. (எந்த எலக்ட்ரிகல் இன்ஜினீயரும் இதைவிடச் சுருக்கமாகச் சொல்லிவிட முடியாது.) "சரி, வேற மாதிரி பண்றேன்" என்று பாத்ரூம் பக்கம் போனார். பத்து நிமிஷத்தில் திரும்பினார். கீஸர் ஓடியது. ஐந்து நிமிஷம், பத்து நிமிஷம், அரை மணி. விழவே இல்லை. எல்லோருக்கும் சந்தோஷம். தம்பிக்கு காபிகூடக் கிடைத்தது.

மூன்றாம் நாள் காலை. மாமி குழாயைத் திறக்கக் கை வைத்தார். சுரீர்! காலில் ரப்பர் செருப்பு இருந்ததால் சுரீரோடு போயிற்று. மானேஜர் அன்றைக்கே மூன்றாவது ஆளைக் கூப்பிட்டார்.

வந்தவர் வயதானவர். பையைத் திறக்கவே இல்லை. முதலில் கேள்வி.

"எப்ப விழுந்துச்சு சார்? போட்ட உடனேயா, தண்ணி சுட்ட பிறகா?"

"போட்டு அஞ்சு நிமிஷத்துல."

"கீஸர் ப்ளக்கைப் பிடுங்கிட்டா?"

"பிடுங்கிப் பார்க்கலியே! ஈ.எல்.சி.பி.யை மாத்தினோம்."

பெரியவர் சிரித்தார். "பேங்க்ல கேஷ் குறைஞ்சா என்ன சார் பண்ணுவீங்க? கேஷியரையா மாத்துவீங்க? பணம் எங்க போச்சுன்னு பார்க்க மாட்டீங்க?"

முப்பத்தாறு வருஷ சர்வீஸில் மானேஜரை யாரும் இப்படி மடக்கியதில்லை.

பெரியவர் மெயினை அணைத்துவிட்டு கீஸரின் ப்ளக்கைத் திறந்து காட்டினார். மூன்று ஒயர் இருக்க வேண்டிய இடத்தில் இரண்டு. பச்சை ஒயர், அதாவது எர்த், நறுக்கி மடித்துவிடப்பட்டிருந்தது. தம்பி செய்த 'வேற மாதிரி' வேலை அதுதான். ஒழுகுகிற கரண்ட் பச்சை ஒயர் வழியாகப் பூமிக்கு ஓடிக்கொண்டிருந்தவரை அண்ணன் கண்டுபிடித்து விழுந்துகொண்டிருந்தார். அந்த வழியை அடைத்ததும் ஓட்டம் நின்றது, விழுவதும் நின்றது. ஆனால் ஒழுகல் நிற்கவில்லை. கரண்ட் கீஸரின் உடம்பிலும் தண்ணீரிலும் ஏறி உட்கார்ந்து, பூமிக்குப் போக இன்னொரு வழி வருமா என்று காத்திருந்தது. வந்தது மாமியின் கை.

"நீங்க செருப்பு போட்டிருந்தீங்கம்மா, பரவாயில்லை" என்றார் பெரியவர். "குழந்தையைக் குளிப்பாட்டறவங்க செருப்பா போட்டிருப்பாங்க? ஈரத்தரையில உட்கார்ந்து, காலை நீட்டி, கால் மேல குழந்தையைப் போட்டுக்கிட்டு, ஒரு கையால குழாயைத் திறந்தா..."

அவர் முடிக்கவில்லை. யாரும் முடிக்கச் சொல்லவும் இல்லை. "டைரக்ட் குடுக்காம விட்டீங்களே, அந்தப் புண்ணியம்" என்று மட்டும் சொன்னார். அண்ணன் அந்த டப்பாவில் காவலுக்கு இருந்தவரை கடைசி நொடியிலாவது விழுந்திருப்பார். அவரையும் தாண்டி லைன் கொடுத்திருந்தால் விழ ஒருவரும் இல்லை.

பிறகு பையிலிருந்து மெக்கர் என்ற கருவி வெளியே வந்தது. ஹீட்டர் காயிலுக்கும் அதன் உறைக்கும் நடுவே வைத்துப் பார்த்தார். மெகாஓம் கணக்கில் ஏற வேண்டிய முள் பூஜ்யத்திலேயே படுத்துக் கிடந்தது. காயிலைக் கழற்றினார். போர் தண்ணீரின் உப்பு கெட்டியாகப் படிந்து, சுண்ணாம்புக் கட்டி மாதிரி இருந்தது. சுரண்டினால் அடியில் தலைமுடி கனத்துக்கு ஒரு வெடிப்பு.

கீஸர் காயில் என்பது ஓர் உலோகக் குழாய். அதன் நடுவே நிக்ரோம் கம்பி. கம்பி குழாயைத் தொடாமல் இருக்க இடையில் மக்னீஷியம் ஆக்ஸைடு பொடியை அடைத்திருப்பார்கள். சூட்டைக் கடத்தும், கரண்டைக் கடத்தாது. நல்ல பொடிதான், ஆனால் ஒரு கெட்ட குணம், ஈரத்தை உறிஞ்சும். உப்பு படிந்த இடத்தில் குழாய் அதிகமாகச் சுட்டு அரித்து வெடிக்கிறது. தண்ணீர் உள்ளே கசிகிறது. பொடி நனைகிறது. நனைந்த பொடி வழியே கரண்ட் குழாய்க்குத் தாவுகிறது. கதை முடிந்தது.

புதுக் காயில், புது வாஷர், எர்த் ஒயர் மறுபடி அதன் இடத்தில். எல்லாம் சேர்த்து, தேவையில்லாமல் வாங்கிய ஈ.எல்.சி.பி.யின் விலையைவிடக் குறைவாகத்தான் ஆயிற்று. மானேஜர் பெரியவரின் நம்பரைத் தம் டைரியில் முதல் பக்கத்தில் எழுதிக்கொண்டார்.

*

அவர் செய்ததில் பாதியை நீங்களே செய்யலாம். எதையும் திறக்க வேண்டாம். கையும் தரையும் ஈரமில்லாமல், காலில் செருப்போடு இருந்தால் போதும்.

முதல் கேள்வி: விழுந்தது தம்பியா, அண்ணனா?

தம்பி, அதாவது ஒல்லியானவர் விழுந்திருந்தால் சின்ன வகுத்தல் கணக்கு ஒன்று போடுங்கள். பொருளின் மேல் எழுதியிருக்கும் வாட்ஸை 230-ஆல் வகுத்தால் அது இழுக்கும் ஆம்ப்ஸ். 2000 வாட்ஸ் கீஸர் என்றால் 9-க்குக் கொஞ்சம் கீழே. 2000 வாட்ஸ் இண்டக்ஷன் அடுப்பு இன்னொரு 9. ஆயிரம் வாட்ஸ் இஸ்திரிப் பெட்டி 4-க்கு மேல். மூன்றும் ஒரே 16 ஆம்ப்ஸ் லைனில் ஓடினால் 22 ஆகிறது. தம்பி கொஞ்ச நேரம் பல்லைக் கடித்துக்கொண்டு தாங்குவார், பட்டை சூடானதும் விழுவார். ஒன்றை அணைத்தால் தீர்ந்தது. ஸ்விட்சைப் போட்ட அந்தக் கணமே விழுகிறார் என்றால் அது ஷார்ட். எலி கடித்த ஒயரோ, உள்ளே புகுந்த பல்லியோ, எதுவாகவும் இருக்கலாம். மறுபடி மறுபடி நிமிர்த்தாதீர்கள்.

அண்ணன் விழுந்திருந்தால் அது ஒழுகல். அவர் விழுந்து கிடக்கும்போதே வீட்டில் உள்ள எல்லா ப்ளக்கையும் பிடுங்குங்கள். ஸ்விட்சை அணைத்தால் போதாதா? போதாது. நம் வீட்டு ஸ்விட்ச் ஃபேஸை மட்டும்தான் வெட்டும், நியூட்ரல் ஒட்டிக்கொண்டேதான் இருக்கும். உள்ளே நியூட்ரல் போய் எர்த்தைத் தொட்டுக்கொண்டிருந்தாலும் மாமாவின் டம்ளர் கணக்கு உதைக்கும். 'எல்லாத்தையும் ஆஃப் பண்ணிட்டேன், அப்பவும் விழுதே, பேய் பிசாசா?' என்று பல வீடுகளில் குழம்புவது இதனால்தான்.

எல்லாம் பிடுங்கியபின் அண்ணனை நிமிர்த்துங்கள். நிற்கவில்லையா? கோளாறு சுவருக்குள் ஓடும் ஒயரிங்கில், அல்லது ப்ளக் இல்லாமல் நேராகச் சேர்த்த விளக்கு, மோட்டார் ஏதோ ஒன்றில். ஆள் கூப்பிடுங்கள். நிற்கிறாரா? ஒவ்வொன்றாகச் செருகிப் போட்டுப் பாருங்கள். எதைப் போட்டதும் 'டப்' என்கிறதோ, அவர்தான் ஆசாமி. அதே பாயிண்டில் வேறு நல்ல பொருளைச் செருகியும் ஒரு தடவை பாருங்கள். அதற்கும் விழுந்தால் குற்றம் பாயிண்டில்.

விழுகிற நேரத்தையும் குறித்து வையுங்கள். ரிப்பேர்காரருக்கு அது பாதி துப்பு.

வாஷிங் மெஷின், வெந்நீர் கட்டத்துக்கு வந்ததும் விழுந்தால் அதன் ஹீட்டர். கடைசியில் துணி பிழியும்போது விழுந்தால் மோட்டார் மேல் தண்ணீர் சொட்டுகிறது.

ராத்திரி இரண்டு மணிக்கு, எல்லோரும் தூங்கும்போது விழுகிறதா? மந்திரவாதியைத் தேட வேண்டாம். பனிக்கட்டி படியாத ரக ஃப்ரிஜ்ஜில், உறைந்த பனியைக் கரைக்க உள்ளேயே ஒரு ஹீட்டர் உண்டு. நாளைக்குச் சில தடவைதான் அது வேலை செய்யும். அது கெட்டிருந்தால், நினைத்த நேரத்துக்கு விழுவது போலத் தோன்றும்.

கிரைண்டர், கழுவிவிட்டு உடனே போட்டால் விழுகிறதா? மோட்டார் பக்கம் மாவுத்தண்ணீர் இறங்கியிருக்கிறது. காய்ந்தபின் சரியாகிவிட்டாலும் ஒரு தடவை காட்டிவிடுவது நல்லது.

மழை நாளில் மட்டும் விழுந்தால், ஆசாமி வீட்டுக்கு வெளியே இருக்கிறார். கேட் விளக்கு, காலிங் பெல் பட்டன், மொட்டை மாடி ப்ளக் பாயிண்ட், தண்ணீர் மோட்டார்.

புதிதாக இன்வெர்ட்டர் வைத்த நாளிலிருந்து விழுந்தால், ஒயரிங் செய்தவர் ஒரு லைனின் நியூட்ரலை இன்னொன்றோடு கோத்திருக்கக்கூடும். இந்தக் கல்யாணத்து டம்ளர் அடுத்த மண்டபத்தில் ஒப்படைக்கப்படுகிறது. திருடன் யாரும் இல்லாவிட்டாலும் மாமா கதவைச் சாத்துவார்.

இன்னொரு வகை உண்டு. தனித்தனியாகப் போட்டால் எதற்கும் விழாது, எல்லாம் சேர்ந்தால் விழும். கம்ப்யூட்டர், எல்.இ.டி. விளக்கு, சார்ஜர் எல்லாமே இயல்பாகத் துளித் துளி கசியவிடும். 30 மில்லி ஆம்பியர் அண்ணன் 15-ஐத் தாண்டினாலே விழ உரிமை பெற்றவர். தனித்தனியே யோக்கியர்கள், கூட்டமாகச் சேர்ந்தால் கலாட்டா! லைனை இரண்டாகப் பிரித்து இரண்டு ஆர்.சி.சி.பி. போட்டால் சரியாகும்.

*

செய்யக் கூடாததையும் சொல்லிவிடுகிறேன். விழாமல் இருக்க ஸ்விட்சைக் குச்சி வைத்து முட்டுக் கொடுக்காதீர்கள். பிரயோஜனமில்லை, பிடியைப் பிடித்துக்கொண்டிருந்தாலும் உள்ளே அது வெட்டிக்கொள்ளும். 16 ஆம்ப்ஸ் எம்.சி.பி. விழுகிறதென்று 32 போடச் சொல்லாதீர்கள். ட்ரிப்பர் பெரிதாகும், சுவருக்குள் இருக்கிற ஒயர் அதே பழைய ஒயர்தான். ட்ரிப்பர் தாங்கும், ஒயர் தாங்காது. மூன்று முள் ப்ளக்கை இரண்டு முள்ளாக்குகிற கைங்கர்யம் வேண்டவே வேண்டாம். 'டைரக்ட்' என்ற வார்த்தை காதில் விழுந்தால் காபிகூடக் கொடுக்காமல் அனுப்பிவிடுங்கள்.

அண்ணன் சர்வவல்லமை படைத்தவர் என்றும் நினைத்துவிடக் கூடாது. ஒரு கையில் ஃபேஸ், மறு கையில் நியூட்ரல் என்று பிடித்தால், போனதெல்லாம் உங்கள் வழியாக ஒழுங்காகத் திரும்பி வந்துவிடும். கணக்கு டாலி! நீங்களும் ஒரு பல்பு என்று நினைத்து மாமா பேசாமல் இருப்பார். லோடு அதிகமானாலும் கண்டுகொள்ள மாட்டார், அது தம்பியின் இலாகா. அதனால்தான் இரண்டு பேரும் வேண்டும்.

கடைசியாக அந்த 'டி' பட்டன். டெஸ்ட் என்பதன் சுருக்கம். அதை அழுத்தினால் உள்ளே பொய்யாக ஒரு ஒழுகல் உண்டாகும். அண்ணன் விழுந்தால் உயிரோடு இருக்கிறார். விழாவிட்டால், வருஷக்கணக்காக டப்பாவுக்குள் ஒரு பொம்மையைக் காவலுக்கு வைத்துக்கொண்டு நிம்மதியாகத் தூங்கியிருக்கிறீர்கள். மாதம் ஒரு தடவை அழுத்திப் பார்க்கச் சொல்கிறார்கள். வீடு கட்டிய நாளிலிருந்து ஒரு தடவைகூட அழுத்தாதவர்களே நம்மில் அதிகம்.

இந்த ஞாயிற்றுக்கிழமை ஸ்டூல் போட்டு ஏறி அழுத்திவிடுங்கள். அதற்கு முன்னால், ஹாலில் யார் என்ன சீரியல் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள் என்று ஒரு பார்வை பார்த்துக்கொள்ளுங்கள். கரண்ட் ஷாக்கிலிருந்துதான் ஈ.எல்.சி.பி. காப்பாற்றும். மற்றதற்கு நான் பொறுப்பல்ல.